ஈஸ்டருக்குப் பின்னும் முடியாத ஒறுத்தல்

"ஆபரேஷனுக்கு முன்னாடி அம்மா எப்படி இருந்தாங்க?" என்று கேட்டார் மயக்கமருந்து கொடுத்த டாக்டர்.

"நல்லாத்தான் இருந்தாங்க சார்" என்றாள் லூர்துராணி.

"சாப்பாடு?"

"தவக்காலம் சார். ஒரு வேளைதான்."

"பேச்சு?"

"அதையும் குறைச்சுக்கிட்டாங்க. ஒறுத்தல்னு நெனச்சோம்."

"தவக்காலம் ஈஸ்டரோட முடிஞ்சிருமே. நான் மயக்கம் குடுத்தது அதுக்கப்புறம்தானே? நடுவுல எப்படி இருந்தாங்க?"

லூர்துராணிக்கு அப்போதுதான் உறைத்தது. ஈஸ்டர் பிரியாணியை அம்மா தொடவேயில்லை.

அம்மா வியாகுலம்மாள் பாலக்கரையில் பள்ளி ஆசிரியை. மே மாதம் முழுக்க மாலையில் தெரு கூடும் மாதாவின் குகைக் கோயிலான கெபியில், மன்றாட்டு மாலையைப் புத்தகம் பார்க்காமல் முன்மொழிவது அவள்தான். பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் இருந்த கணவர் செபஸ்தியான் இறந்த மறு வருடம், எண்பத்து மூன்றில், தவக்காலம் பிறந்ததும் அவள் பேச்சைக் குறைத்தாள். "உங்கம்மா வாயைக் கட்டுறாங்கன்னா அதைவிடப் பெரிய ஒறுத்தல் கிடையாதுடி" என்று எதிர்வீட்டு அற்புதம்மாள் சிரித்தாள். வீடும் சேர்ந்து சிரித்தது. ஈஸ்டர் கழிந்து அம்மாவின் பித்தப்பைக் கல்லை எடுத்தார்கள். காயம் ஆறியது.

மே மாதம் அவள் கெபியின் முன் முழந்தாளிட்டாள். பாதி மன்றாட்டுவரை குரல் பிசகவில்லை. "விடியற்காலத்து நட்சத்திரமே" என்றாள். "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்றது தெரு. மறுபடியும் அதையே சொன்னாள். தெரு பதில் சொன்னது. மறுபடியும். பதில் சொன்ன குரல்கள் ஒவ்வொன்றாக அடங்கின. கடைசியில் மகள் மட்டும் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். அதன் பிறகுதான் மயக்கமருந்து டாக்டரிடம் போனார்கள்.

"மயக்கம் தெளியறது ஒண்ணு, புத்தி தெளியறது ஒண்ணும்மா" என்றார் அவர். "துக்கத்துல ஏற்கெனவே சோர்ந்து கெடந்த மனசு. அதுக்கு மேல ஆபரேஷன். ஞாபகம், கவனம் எல்லாம் திரும்பறதுக்கு நாளாகும். முன்னமே தெரிஞ்சிருந்தா மனசுக்கு வைத்தியம் பார்த்துட்டு அப்புறமா கத்தி வச்சிருப்போம்."

"திரும்பிடுமா சார்?"

"நெறைய பேருக்குத் திரும்பும்."

எல்லாருக்கும் என்று அவர் சொல்லவில்லை.

அவர் அனுப்பிய மனநோய் டாக்டரின் மாத்திரைகளுக்குப் பிறகு, ஐப்பசி மழைக்குள் அம்மா ஓரளவு மீண்டாள். வகுப்புப் பிள்ளைகளின் பெயர்கள் நினைவுக்கு வந்தன. ஆனால் அடுப்பில் பாலை வைத்துவிட்டு, அது பொங்கி வழிவதைப் பார்த்தபடி நிற்பாள். அதற்குள் தழும்பின் வழியே குடல் பிதுங்கத் தொடங்கியிருந்தது. கிறிஸ்துமஸ் முடிந்ததும் மறுபடி ஆபரேஷன் என்றார்கள்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு வாரத் திருவருகைக் காலம் பிறந்தது. ஒரு காலை அம்மா இட்லித் தட்டை நகர்த்தி வைத்தாள். மறுநாளும் நகர்த்தினாள். பேச்சு ஒற்றைச் சொற்களாகச் சுருங்கியது.

"இப்பவும் ஒறுத்தலா?" என்று வாசலிலிருந்து கேட்டாள் அற்புதம்மாள். லூர்துராணி சிரிக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போக ரிக்‌ஷாவை அழைத்தாள்.

"எங்க போற?" என்றாள் அம்மா.

"டாக்டர்கிட்ட."

"வேண்டாம் ராணி. எனக்கு ஒண்ணுமில்ல. யார்கிட்டயும் ஒண்ணும் சொல்லாத."

அந்தக் குரல் தெளிவாக இருந்தது, நம்பிவிடலாம் போலிருந்தது. லூர்துராணி வாசற்படியில் ஒரு கணம் நின்றாள். மழை விட்டிருந்த ஐப்பசி மதியம் ஒன்றில், புத்தி தெளிந்திருந்த அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டிருந்தாள்:

"மறுபடி நான் பேசாமப் போனா, மயக்கம் குடுக்கறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட நீ சொல்லிடணும். அன்னைக்கு நான் வேண்டாம்னுதான் சொல்லுவேன். என் பேச்சைக் கேக்காத."