என் பெயரில் இருந்த ஜாதகம்

தொண்ணூறுகளின் நடுவில் காரைக்குடியில் நான் பார்த்த வேலை, ஊராருக்கு எதிர்காலம் அச்சடித்துக் கொடுப்பது. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து மாடியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர். காலையில் பிள்ளைகளுக்கு டைப்பிங் சொல்லிக் கொடுப்போம். மத்தியானத்துக்கு மேல் கம்ப்யூட்டர் ஜாதகம். பிறந்த தேதி, நேரம், ஊர் மூன்றையும் அடித்தால் போதும், பிரிண்டர் கறகறவென்று இருபது பக்கம் துப்பும். குன்றக்குடிக் கோயிலுக்குப் போகிறவர்கள் வழியில் இறங்கி மாடியேறி வருவார்கள். பிள்ளைக்கு வேலை எப்போது, மகளுக்கு இடம் எந்தத் திசையில் என்று கேட்டுவிட்டு, தாள்களைச் சுருட்டி மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு போவார்கள்.

அவர்களைப் பார்க்க எனக்குச் சிரிப்பாக வரும். ரேடியோவில் நாளைக்கு மழை என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். இன்னும் நாற்பது வருடம் கழித்து முழங்காலில் வாதம் வரும் என்று என் பிரிண்டர் சொன்னால் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவு நம்பிக்கை. இதையெல்லாம் முதலாளியிடம் சொல்ல முடியாது, வீட்டில் வந்து சொல்லிச் சிரிப்பேன்.

ஆனால் ஊருக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயம். என் ஜாதகத்தை மட்டும் நான் நம்பினேன். மிஷினில் அடித்தது இல்லை அது. ஒக்கூர்ப் பக்கத்து ஜோசியர் ஒருவர் கைப்பட எழுதிய நீள நோட்டு. நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, அட்டையில் என் பெயர் எழுதியிருக்கும். ஒன்பது வயதில் நீரால் கண்டம், பதினேழில் கல்விக்குத் தடை, இருபத்தாறில் விவாகம், பிறகு கடல் கடந்த வாழ்வு, இரண்டு ஆண் பிள்ளைகள், நாற்பத்தைந்தில் சொந்த மனை, எண்பத்துநாலு வரை ஆயுள் என்று வரிசையாகப் போகும்.

ஒன்பதில் ஊருணியில் விழுந்தேன். துவைத்துக்கொண்டிருந்த ஒரு அம்மாள் தலைமுடியைப் பிடித்து இழுத்துப் போட்டாள். பதினேழில் பத்தாம் வகுப்புக் கணக்கில் கோட்டை விட்டேன். "எழுதினது எழுதினபடியே நடக்குது" என்று அப்பச்சி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவார். அப்பச்சி என்றால் என் அப்பா. எங்கள் வீடுகளில் அப்படித்தான் கூப்பிடுவோம், அம்மாவை ஆத்தா என்போம். அப்பச்சிக்குத் தபால் ஆபீசில் வேலை. காகிதத்தில் எழுதியது போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேரும் என்பதில் அவருக்கு எந்தச் சந்தேகமும் கிடையாது.

பதினேழில் பத்தாம் வகுப்பா என்று கேட்கலாம். எனக்கு இரண்டு வயது உண்டு. ஜாதக வயது ஒன்று, சர்டிபிகேட் வயது ஒன்று. பள்ளிக்கூடத்தில் இரண்டு வருடம் தாமதமாகச் சேர்த்து, வயதையும் இரண்டு குறைத்துப் போட்டதாகச் சொல்லியிருந்தார்கள். அந்தக் காலத்தில் பாதிப் பிள்ளைகளின் சர்டிபிகேட்டில் வாத்தியார் போட்ட ஜூன் மாதத் தேதிதான் இருக்கும். அதனால் எனக்கு அது வித்தியாசமாகவே படவில்லை. வகுப்பில் நான்தான் மூத்தவள் என்று நினைத்து மற்றவர்களை அதட்டிக்கொண்டு திரிந்தேன்.

இருபத்தாறு பிறந்ததும் சொல்லி வைத்ததுபோல அரியக்குடியிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளைக்குச் சிங்கப்பூரில் வேலை. பத்துப் பொருத்தத்தில் ஒன்பது பொருந்தியது. கடல் கடந்த இடமும் ஆயிற்று, வருடமும் சரியாக இருக்கிறது, இனி என்ன? ஜாதகத்தை நம்பாதவள்கூட வாயடைத்துப் போவாள், நான் நம்புகிறவள் வேறு. மாப்பிள்ளையின் போட்டோவைப் பார்த்தபோது, ரொம்ப நாளாகத் தெரிந்தவர் என்றே தோன்றியது. தையில் கல்யாணம் என்று பேசி முடித்தார்கள். அங்கே குடியேறுவதற்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும், இப்போதே வாங்கி வையுங்கள் என்று மாப்பிள்ளை வீட்டில் சொன்னார்கள்.

அப்பச்சி "நான் பார்த்துக்கிறேன், நீ அலைய வேணாம்" என்று ஒரு மாதம் கடத்தினார். எனக்குப் பொறுமை கிடையாது. ஒரு நாள் ஜாதக நோட்டிலிருந்து தேதியைக் குறித்துக்கொண்டு நானே நகராட்சி ஆபீசுக்குப் போய்விட்டேன்.

கிளார்க் வயதானவர், நல்ல மனிதர். பெரிய பதிவேட்டை மேசைமேல் விரித்து, விரலை ஓட்டி, ஓரிடத்தில் நிறுத்தினார். "ஆவணி மாசம், பெண் குழந்தை. அப்பா பேரு, தெரு, எல்லாம் நீங்க சொல்றதுதான். பிள்ளை பேரும் எழுதியிருக்கு" என்றார். பிறகு கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, "யாருக்கும்மா சர்டிபிகேட்?" என்று கேட்டார்.

"எனக்குத்தான்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பதிவேட்டை என் பக்கம் திருப்பினார். என் பெயருக்கு நேரே, ஓரத்தில், சிவப்பு மையில் ஒரு தேதி இருந்தது. "இந்தப் பிள்ளை பதினோராம் மாசமே தவறிப் போச்சேம்மா" என்றார்.

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். உயிரோடு இருக்கிறவளைக் கொன்று எழுதி வைத்திருக்கிறீர்களே, இது ஒரு ஆபீசா என்று சத்தம் போட்டேன். வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.  கிளார்க் உள்ளே போய் வேறு பதிவேடுகளைக் கொண்டுவந்து பொறுமையாகப் புரட்டினார். ஒன்றரை வருடம் தள்ளி ஒரு பங்குனியில், அதே அப்பா, அதே அம்மா, அதே தெரு, பெண் குழந்தை, இரண்டாவது பிரசவம். பெயர் எழுத வேண்டிய கட்டம் காலியாக இருந்தது. "இதுதான் நீங்களா இருக்கும்" என்றார்.

எப்படிப் படியிறங்கினேன், சைக்கிளை எப்படி ஓட்டினேன் என்று தெரியவில்லை. கல்லுக்கட்டித் தெருவில் ஒரு லாரிக்காரன் கெட்ட வார்த்தை சொல்லித் திட்டிவிட்டுப் போனது மட்டும் நினைவிருக்கிறது. செத்தவளைத் திட்டுகிறானே என்று ஒரு கணம் நினைத்தேன். அவ்வளவு கலங்கிப் போயிருந்தேன்.

எனக்கு முன்னால் ஒன்று பிறந்து தங்கவில்லை என்று மட்டும் கேள்விப்பட்டிருந்தேன். எந்த வீட்டில்தான் அப்படி ஒன்று இல்லை? அதற்கு ஒரு பெயர் இருந்திருக்கும், அது என் பெயராகவே இருக்கும் என்று எனக்கு ஏன் தோன்றப் போகிறது? மூத்த பெண்ணுக்கு அப்பத்தா பெயரை வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். மூத்தது போனதும் அடுத்த பெண் மூத்தவளாகிவிட்டாள். அவள் பெயரோடு நோட்டும் எனக்கு வந்துவிட்டது.

சாயங்காலம் அப்பச்சி வேலை முடிந்து வந்து சட்டையைக்கூடக் கழற்றவில்லை. "ஏன் இதை மறைச்சீக? அந்த நோட்டு யாருது?" என்று கேட்டேன். அவர் மறுக்கவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"எம்பத்திநாலு வருஷம் எழுதியிருந்துச்சு தாயி. அதுல ஒரு வருஷங்கூட முழுசாப் போகலை. மிச்சமெல்லாம் சும்மாதானே கிடந்துச்சு" என்றார்.

 ஆள் இல்லாத வீட்டுத் தபாலைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வந்தவர் மாதிரிதான் அவர் பேசினார். அவர் பேச்சில் கபடம் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. ஊருணியில் விழுந்தபோது எனக்கு ஏழு வயதுதான். கணக்கில் தோற்றதற்குக் காரணம் நான் படிக்காதது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையை இருபது வருடமாக எல்லோரும் சேர்ந்து ஓதியிருக்கிறோம். ஊராரைப் பார்த்துச் சிரித்த எனக்கு நல்ல செருப்படி.

அப்பச்சி அதற்குள் வழி கண்டுபிடித்துவிட்டார். இரண்டாவது பதிவுக்குச் சர்டிபிகேட் வாங்கிக்கொள்ளலாம், ஜாதகத்தில் தேதி தப்பாக எழுதிவிட்டார்கள் என்று சொல்லிவிடலாம், கல்யாணம் நடக்கட்டும் என்றார். என்னால் முடியவில்லை. அந்த ஒன்பது பொருத்தமும் என்னுடையது இல்லை. நாளைக்கு எனக்கு ஒரு பிள்ளை பிறந்தால், அதையும் நோட்டில் பார்த்து செத்துப்போன அக்காவின் கணக்கில்தானே சேர்ப்பார்கள்? "நீங்க சொல்லலைன்னா நானே போய்ச் சொல்லுவேன்" என்றேன். மறுநாள் இரண்டு பேருமே அரியக்குடிக்குப் போனோம்.

மாப்பிள்ளையின் அம்மா காப்பி கொடுத்து உட்கார வைத்தார். அப்பச்சி தரையைப் பார்த்தபடி எல்லாவற்றையும் சொன்னார். அந்த அம்மாள் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு, "அப்ப எம் மகனுக்குச் செத்துப்போன பிள்ளையோடயா அண்ணே பொருத்தம் பார்த்தீக?" என்றார்.

அவர் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். மெதுவாகத்தான் கேட்டார்.   ஒன்பது பொருத்தம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான்தான். யாரும் யாரையும் குற்றம் சொல்லவில்லை, நாங்கள் எழுந்து வந்துவிட்டோம். அந்தச் சம்பந்தம் அதோடு முடிந்தது. சிங்கப்பூரிலிருந்து ஒரு வரி வரும் என்று கொஞ்ச நாள் தபாலை எதிர்பார்த்தேன். அழவும் செய்தேன். போட்டோவில் பார்த்த ஒருவருக்காக அழலாமா என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியாது.

சென்டர் முதலாளிக்கு விஷயம் தெரிந்ததும், "இதுக்குப் போயி மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கியே. தேதிதான் தெரிஞ்சிருச்சுல்ல? நம்ம மிஷின்லயே உனக்குப் புதுசா ஒண்ணு அடிச்சுக்க" என்றார். சரி என்று உட்கார்ந்து பங்குனித் தேதியை அடித்தேன். ஊரை அடித்தேன். அடுத்தது நேரம். பதிவேட்டில் நேரம் கிடையாது. ஆத்தாவைத்தான் கேட்க வேண்டும்.

இத்தனை நடந்தும் ஆத்தா ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. சம்பந்தம் முறிந்த அன்றுகூடச் சோற்றைப் போட்டுவிட்டு அங்குட்டுப் போய்விட்டாள். நான் கேட்கப் போனபோது அடுப்படியில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள்.

"நான் பிறந்த நேரம் என்ன?"

"தெரியாது."

"யாருமே பார்க்கலையா?"

"பார்க்கக் கூடாதுன்னு நாந்தேன் சொன்னேன்" என்றாள், கையை நிறுத்தாமல். "வலி கண்டதும் சுவத்துக் கடிகாரத்தைக் கழட்டி அடுத்த வீட்டுல குடுத்துட்டு வாங்கன்னு உங்க அப்பச்சியை விரட்டினேன். நர்சம்மா கையில வாட்ச் கட்டியிருந்தாக. அதையும் அவுத்து வச்சாத்தேன் தொட விடுவேன்னு சொல்லிட்டேன். கிறுக்கின்னு நினைச்சாக. நினைச்சா நினைச்சுட்டுப் போகட்டும்."

 ஆத்தா இப்படி நாலு வாக்கியம் சேர்ந்தாற்போலப் பேசி நான் கேட்டதில்லை.

"அவளுக்கு விநாடி சுத்தமாக் குறிச்சோம்" என்றாள். "எம்பத்திநாலுன்னு ஜோசியன் எழுதிக் குடுத்தான். பதினோராம் மாசம் காய்ச்சல் வந்துச்சு. கொதிக்குது, கண்ணைத் திறக்க மாட்டேங்குது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுன்னு பக்கத்து வீட்டுல சொன்னாக. நான் போகலை. ஆயுசு கெட்டின்னு எழுதியிருக்கே, என்ன ஆயிரப் போகுதுன்னு ரெண்டு நாளு மடியிலயே வச்சிருந்தேன்."

மொச்சைத் தோல் அவள் மடியிலேயே கிடந்தது. நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அப்புறம் ஏன் அந்த நோட்டை எனக்குக் குடுக்க விட்டே?" என்று எப்படியோ கேட்டுவிட்டேன்.

"ஊருல ஜாதகம் கேப்பாக, ஏதாச்சும் ஒண்ணு காட்டணும்ல. அது பொய்யின்னு எனக்குத் தெரியும். தெரிஞ்ச பொய்யி நம்மளை என்ன செய்யும்? உனக்குன்னு ஒண்ணு எழுதியிருந்தா, அதையும் நம்பியிருப்பேன்டி."