தூக்கு காலியாகப் போன கதை

போன சனிக்கிழமை என் மகள் ஜெனியைத் தனியாக நான்கு வீடு தள்ளி அனுப்பினேன்.

பூ... இவ்வளவுதானா என்கிறீர்களா? ஜெனிக்கு ஆறு வயது. வெளியாள் யாராவது பெயர் கேட்டால் என் துப்பட்டாவுக்குள் புகுந்துவிடுவாள். பள்ளியில் தண்ணீர் கேட்கக்கூட வாய் வராமல், நாள் முழுக்கத் தாகத்தோடு வீடு திரும்புகிறவள். இப்படியே வளர்ந்தால்?

நான் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தரப் பரிசோதனை செய்கிறேன். அங்கே ஒரு மெஷின், ஷூவை ஆயிரக்கணக்கான தடவை மடக்கி நிமிர்த்தும். விரிசல் விடாவிட்டால் பாஸ். பிள்ளைக்கு ஏது மெஷின்? மூளையைப் பற்றி ஒரு புத்தகம் வாங்கினேன். சின்னச் சின்ன பயங்களைக் குழந்தை தானே கடந்தால், மூளையில் தைரியத்துக்கு ஒரு பாதை உருவாகிறதாம். நாம் பாய்ந்துபோய்க் காப்பாற்றினால் பாதை பாதியில் நின்றுவிடுமாம்.

என் அம்மா எந்தப் புத்தகமும் படிக்கவில்லை. "போய் கருவேப்பில வாங்கியா" என்று ஐந்து வயதில் என்னைத் தெருவில் விட்டார். அவ்வளவுதான்!

நான்கு வீடு தள்ளி இருக்கும் பரீதா அக்கா வீட்டிலிருந்து நோன்புக் கஞ்சி வந்த தூக்கைக் கழுவி, ஈஸ்டருக்குச் சுட்ட முறுக்கை நிரப்பி, ஜெனியிடம் கொடுத்தேன். எனக்கு நானே ஒரு விதி எழுதிக்கொண்டேன். பின்னால் போகக் கூடாது.

அதை இரண்டே நிமிடத்தில் மீறினேன். எதிரே நின்ற ஆட்டோவுக்குப் பின்னால் ஒளிந்து பார்த்தால்... அக்கா வீட்டு வாசலில் கட்டாத கிடா! ஜெனி அசையவில்லை. ஓடியிருப்பேன், கால் வரவில்லை. புத்தகம் படித்த பலன் என்று நினைத்துக்கொண்டேன். கண்ணை மூடி நூறு வரை எண்ணினேன்.

திறந்தபோது ஜெனி படியேறி நிற்கிறாள். அக்கா தூக்கைத் திறக்கிறார்.

"இன்னாடி கண்ணு, காலியா இருக்கு?"

மானம் போனது. வந்த பாத்திரத்தை யாராவது காலியாகத் திருப்பித் தருவார்களா?

"முறுக்கு இருந்துச்சு ஆன்ட்டி. உங்க ஆடு வழி விடல. ஒண்ணொண்ணா போட்டு அந்தாண்ட கூட்டிட்டுப் போய் விட்டுட்டு வந்தேன்."

வெளியாளிடம் அவள் இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"நோன்பு நேரத்துல அது மட்டும் தின்னுதா! நீ ஒண்டியாவா வந்தே?"

"இல்ல. அம்மா ஆட்டோ பின்னாடி ஒளிஞ்சிருக்காங்க. அவங்களுக்கு ஆடுன்னா பயம். கூட்டிட்டு வரட்டா?"

வந்தாள். என் கையைப் பிடித்தாள். போனேன்.

திரும்பி வந்த கிடா என்னை மட்டும்தான் முட்டியது.