அம்சவள்ளி ஊருக்குப் போயிருக்கிறாள்

பிரெஞ்சுக்காரன் ஆண்ட பாகூரில், ஏரிக்குக் கீழே நாற்பது வீடு உள்ள ஒரு தெருவில், ‘ஊருக்குப் போயிருக்கா’ என்ற பேச்சுக்கு அந்த நாளில் இரண்டு அர்த்தம் உண்டு. ஒன்று உலகத்துக்கே தெரிந்தது. மற்றது அந்தத் தெருவுக்கு மட்டும் சொந்தம். அம்சவள்ளிக்குப் புத்தி தப்பிப்போய், வீட்டு மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிற நாட்களில் யார் வந்து விசாரித்தாலும் அவள் ஊருக்குப் போயிருக்கிறாள் என்பார்கள். தெளிந்ததும் வந்துவிட்டாள் என்பார்கள். பைத்தியம் என்று ஒருவரும் வாயெடுப்பதில்லை. எடுத்தால் காசம்மாள் சும்மா விடமாட்டாள். ஏற்பாடே அவளுடையதுதான்.

காசம்மாள் அடுத்த வீட்டுக்காரி, பொல்லாத வாய்க்காரி. அவளுக்கு இந்த யோசனை வந்தது 1924இல். அம்சவள்ளியின் கைக்குழந்தை காய்ச்சலில் போய், அதோடு அவள் புத்தியும் போன வருஷம் அது. புருஷன் சாமிநாதன் மந்திரித்துப் பார்த்தான், கயிறு கட்டிப் பார்த்தான், மூன்று மாதத்தில் அலுத்துப்போனான். அவனுடைய அண்ணன் ஆற்றுக்கு அந்தாண்டை இங்கிலீஷ்காரன் எல்லையிலிருந்து கோட்டுப் போட்ட ஒரு மனிதரைக் கூட்டிக்கொண்டு வந்தான். அம்சவள்ளி தலைவிரி கோலமாய்க் கத்திக்கொண்டிருந்ததை அந்த மனிதர் வாசலில் நின்று பார்த்துக் காகிதத்தில் எழுதிக்கொண்டார். பட்டணத்து ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் அடைக்கப் பேச்சு நடந்தது. தெருவே மறித்து நின்றதால் அது நடக்கவில்லை. ஆனால் நாலு வயசு மகள் உமையாளைத் தூக்கிக்கொண்டு சாமிநாதன் அண்ணனோடு போய்விட்டான். அவனைக் கெட்டவன் என்று சொல்ல முடியாது, பொறுமையில்லாதவன். அம்சவள்ளிக்கு அதனால் என்ன ஆறுதல்?

அதற்குப் பிறகு அவளைப் பார்த்துக்கொண்டது தெருதான். வைத்தியம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. நடவுக்குப் போகும்போது அவளையும் கையைப் பிடித்துக் கூட்டிப்போவார்கள். நடவுப் பெண்கள் நிற்கும் நிரையில் காசம்மாளுக்கும் எதிர்வீட்டுத் தனக்கொடிக்கும் நடுவில் அவளுக்கென்று ஓர் இடம். முதல் வருஷம் அந்த இடத்தில் சும்மா நின்றாள். அவள் பங்கையும் இரண்டு பக்கத்துக்காரிகளும் எட்டி எட்டி நட்டுக்கொண்டு போனார்கள். அடுத்த வருஷம் கொடுத்த நாற்று முடியை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டாள். மூன்றாம் வருஷம் குனிந்தாள். சாப்பாட்டு வேளையில் உடம்பு எப்படி இருக்கிறது என்று ஒருத்தியும் கேட்டதில்லை. குழம்பை நீட்டி உப்புப் பார்க்கச் சொல்வார்கள். அவள் சொல்வது சரியாகவும் இருக்கும். ஊருக்குப் போகிற நாட்கள் மெல்லக் குறைந்து, பத்தாவது வருஷத்தில் நின்றேபோயின.

தெளிந்தபிறகு அவளுக்கு இருந்தது ஒரே ஆசை. மகள் தன்னைக் கடைசியாகப் பார்த்த கோலம் அவளுக்குத் தெரியும்.

“நான் அவள பாக்குறது இருக்கட்டும் அக்கா,” என்றாள் ஒருநாள் காசம்மாளிடம். “அவ என்னய ஒருதரம் பாக்கணும். இப்ப இருக்குற மாரி.”

1938 தை மாதம். நவரை நடவு. காலில் சேற்றுப்புண் வந்து காசம்மாள் மட்டும் வீட்டில் தங்கி, தெருவில் புழுங்கல் நெல்லைக் காயப்போட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள். கூண்டுவண்டி ஒன்று வந்து நின்றது. கோட்டுப் போட்ட ஒருவர் இறங்கி, அம்சவள்ளி வீடு எது என்று கேட்டார்.

கோட்டைப் பார்த்ததும், அம்சவள்ளியை அடைக்க மறுபடி ஆள் வந்துவிட்டது என்றே காசம்மாள் நினைத்தாள். பதினாலு வருஷம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. “அவ ஊருக்குப் போயிருக்கா,” என்றாள்.

வண்டித் திரையை உள்ளேயிருந்து ஒரு கை விலக்கியது. எப்போது வருவார்கள் என்று ஒரு சின்னப் பெண்ணின் குரல் கேட்டது. சொல்லிக்கொண்டு போகவில்லை என்று காசம்மாள் நெல்லைப் பார்த்தபடியே பதில் சொன்னாள். வண்டி கொஞ்சநேரம் நின்றது, பிறகு திரும்பிப் போனது. அம்சவள்ளியோ கூப்பிடுதூரத்தில் முழங்கால் சேற்றில் நட்டுக்கொண்டிருந்தாள். அவளை நல்லவேளையாகக் காப்பாற்றிவிட்டோம் என்று காசம்மாளுக்குப் பெருமை வேறு. பயந்துவிடுவாளே என்று சாயங்காலம் அவளிடம் மூச்சுவிடவில்லை.

மூன்றாம் நாள் பாகூர்க் கடைத்தெருவுக்கு எண்ணெய் வாங்கப் போனாள். மளிகைக்கடை சௌந்தரராஜன் எண்ணெயை அளந்துகொண்டே கேட்டார்.

“ஏம்மா, பெத்த பொண்ணு சைகோன் போறன்னு பாக்க வந்திருக்குது. அம்சவள்ளி எந்த ஊருக்குப் போனா?”

உமையாளுக்குக் கல்யாணமாகி, புருஷனுக்குச் சைகோனில் குமாஸ்தா வேலையாம். கோட்டுக்காரர் மாமனாராம். அம்மாவுக்குக் குணமாகிவிட்டது என்று யாரோ சொல்லக் கேட்டு ஆசையாக வந்ததாம். திரும்பும்போது கடை வாசலில் வண்டியை நிறுத்தித் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு அழுததாம். கப்பல் நேற்றே போய்விட்டது.

காசம்மாள் எண்ணெயை எடுக்கவில்லை. நேராக வயலுக்கு நடந்தாள். புண்காலோடு சேற்றில் இறங்கி அம்சவள்ளி பக்கத்தில் போய்க் குனிந்துகொண்டாள். முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியமில்லை. குனிந்தபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். நிரை முழுவதும் நின்றுபோனது. அம்சவள்ளி நிமிர்ந்தாள். போச்சு, பதினாலு வருஷமும் இந்த ஒரு நிமிஷத்தில் போச்சு என்று காசம்மாள் நினைத்தாள்.

அம்சவள்ளிக்கு ஒன்றும் ஆகவில்லை. தெளிவாகத்தான் கேட்டாள். “இன்னா மாரி இருந்தா?”

“மொகத்த பாக்கலடி. கை மட்டுந்தான் வெளிய தெரிஞ்சிச்சி.”

அம்சவள்ளி யோசித்தாள். “கை நல்லா சதப்பிடிப்பா இருந்துச்சா?”

“கொழுகொழுன்னு இருந்துச்சி,” என்றாள் காசம்மாள்.

“அப்ப சரி. வயிறார சோறு போட்டுதான் வளத்திருக்காங்க,” என்று சொல்லிவிட்டு அம்சவள்ளி குனிந்து விட்ட இடத்திலிருந்து நட ஆரம்பித்தாள். காசம்மாளால் அவள் பக்கத்தில் நிற்க முடியவில்லை. அன்று வண்டியில் காசம்மாள் பார்த்தது எலும்பும் தோலுமான ஒரு கை. திரையை விலக்கத் தூக்கியபோது வளையல் அத்தனையும் முழங்கைக்குச் சரிந்துவிட்டிருந்தது.