சத்தி ரோட்டில் நடந்து வந்தவர்

அந்த நாட்களில் என் கையில் எப்போதும் சிமெண்ட் வாசம்தான். எத்தனை சோப்புப் போட்டாலும் சோறு பிசையும்போது வரும்...

கல்யாணமான புதிது. கணபதியில் லைன் வீடு, ஒரே அறை. சரவணம்பட்டியில் ஓர் அபார்ட்மெண்ட் வேலையில் நான் சித்தாள். அவர் அதையும் தாண்டி, குரும்பபாளையத்தில் பிளம்பர் ஹெல்பர். இரண்டு பேர் கூலி சேர்ந்தால்தான் வாடகை, அரிசி, மண்ணெண்ணெய். சனிக்கிழமை வாங்குவது வியாழக்கிழமைக்குள் தீர்ந்துவிடும்.

நான் முழுகாமல் இருந்தேன். அவர் தினமும் இரண்டு நேந்திரம்பழம் வாங்கி வருவார்.

"காசு ஏதுங்க?"

"மேஸ்திரி டீக்குக் குடுக்கறாரு அம்மணி. நாந்தான் டீ குடிக்கறதில்லியே."

நம்பினேன். பஸ்ஸில் கூட்டம், அதனால்தான் நேரமாகிறது என்பார். அதையும் நம்பினேன்.

ஒருநாள் கான்கிரீட் போட்டு முடிய இருட்டிவிட்டது. பிந்தின பஸ்ஸில் வருகிறேன். ஜன்னல் வழியே பார்த்தால்... ரோட்டோரம் அவர். தோளில் டிபன் பை. காலை இழுத்து இழுத்து நடக்கிறார்.

அடுத்த ஸ்டாப்பில் இறங்கி நின்றேன்.

"ஏன் கண்ணு இங்க எறங்கிட்டே?" பதறிப்போனார்.

"ஏனுங்க, பழம் வாங்கறது பஸ் காசுலீங்களா?"

தலையைக் குனிந்துகொண்டார். "உனக்கு ஒண்ணும் வாங்கித் தர முடியலியேன்னுதான்..."

கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தது. "பகலெல்லாம் பைப்பத் தூக்கிட்டு மாடி ஏறறீங்க. நடந்து நடந்து உங்க காலு போச்சுன்னா, பழத்த வெச்சுட்டு நான் என்னங்க பண்றது?"

மறுநாளிலிருந்து என் சைட் வரைக்கும்தான் நடந்தார். அங்கிருந்து இருவரும் ஒன்றாக பஸ் ஏறினோம். பழம் ஒன்றாகக் குறைந்தது. அதிலும் பாதியை அவர் வாயில் திணித்த பிறகுதான் நான் தின்பேன்.

அன்று வயிற்றில் இருந்தவள் இன்று காலேஜ் போகிறாள். அவர் பிளம்பிங் கான்ட்ராக்ட் எடுக்கிறார். இப்போது ஒரு ஹெல்பர் வாங்கும் கூலி, அன்றைக்கு நாங்கள் இருவரும் சேர்ந்து வாங்கியதைவிட அதிகம். ஆனால் அதே லைன் வீட்டின் வாடகையைக் கேட்டால் மயக்கம் வருகிறது.

தன் ஹெல்பர்களுக்கு பஸ் காசை அவர் தனியாகத்தான் கொடுப்பார். "கூலியோட சேத்துக் குடுத்தா ஊட்டுச் செலவுல கரைஞ்சுபோயிரும் அம்மணி."

போன வாரம் வண்டியில் போகும்போது, அவர்களில் ஒருவர் ரோட்டோரம் நடந்து போவதைப் பார்த்தோம்.

"பஸ் காசு குடுத்தீங்கல்ல? கூப்பிட்டுக் கேளுங்க," என்றேன்.

அவர் வண்டியை நிறுத்தவில்லை.

"உடு கண்ணு... ஊட்டுக்கு என்னமோ வாங்கோணும்னு இருப்பான்."