உபதேசியார் அடித்த மணி

நாலு பத்துக்கு, “பஸ் இறங்கிட்டேன்” என்று போன் செய்த மகள் ஐந்தாகியும் வீடு வரவில்லை. கால்மணி நடைதான், ஆனால் வெளியே எதிரே எதுவும் தெரியாத மூடுபனி. மாதா கோயிலின் வழக்கமான மாலை மணி அடித்தது.

என் சிறுவயதில் இப்படியொரு பனியில் எஸ்டேட்டுக்குப் போன அப்பா திரும்பவில்லை. சத்தம் கேட்டு வழி பிடிக்கட்டும் என்று, அந்தக் கோயிலில் ஜெபம் நடத்திவந்த, இன்று கல்லறையில் உறங்கும் உபதேசியார், விடாமல் மணி அடித்தார். கயிறு அவர் உள்ளங்கையைக் கிழித்தது.

“நாங்க உங்க கோயிலுக்கே வராதவங்க, போதுமுங்க,” என்றார் அம்மா.

“உம் புருசன் ஊடு வராம எனக்கேது கண்ணு லீவு?” என்று ஜெபத்தோடு கயிற்றை இழுத்தார். மணிச் சத்தத்தைப் பிடித்தே அப்பா வந்துவிட்டார்.

இன்றைய மணி நின்றுவிட்டது. கதவைத் திறந்தேன். ஒரு முதியவரின் கையைப் பிடித்தபடி மகள் நின்றாள்.

“அப்புறம் திட்டுங்கம்மா. இந்தத் தாத்தாவுக்குப் பனியில வழி தெரியல. டார்ச் எடுங்க, அவரு ஊட்டுல உட்டுட்டு வந்தரலாம்.”