ரோஜா வைத்த ஷூ

ஜெர்மனியில் இருக்கும் இந்தத் தேவாலயத்துக்குக் கூரை கிடையாது. இடைக்காலத்தில் கட்டியது, இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்து திறந்துகொண்டது. அப்படியே விட்டு, போர் நினைவிடம் என்று பலகை மாட்டிவிட்டார்கள். வாசலில் ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே போகிறேன். கோயிலோ சர்ச்சோ, எங்கள் ஊர்ப் பழக்கம் அது.

சுவரில் செதுக்கிய ஜெர்மன் வாசகங்களை ஒன்று விடாமல் படிக்கிறேன். எங்கள் வீட்டில் முதலில் எழுத்துக் கூட்டிப் படித்தவள் நான். எதையும் பாதியில் விடமாட்டேன். ஈரத் தரையில் காலுறை நனைந்த பிறகுதான் ரயில் நினைவுக்கு வருகிறது. இன்னும் இருபது நிமிடம்.

வாசலில், பஸ்ஸில் வந்த முதியவர்கள் என் ஷூவைச் சுற்றித் தலைகுனிந்து நிற்கிறார்கள். ஷூவின் மேல் ஒரு வெள்ளை ரோஜா.

சருகு கூட்டிக்கொண்டிருக்கும் பெண் சிரிக்கிறார். "தங்கச்சி, உங்கட சப்பாத்தோ? சப்பாத்தில்லாத காலைப் பாத்தே தமிழெண்டு தெரிஞ்சுது." இலங்கையில் மன்னார்க்காரராம்.

"ஆமாக்கா. எதுக்குப் பூ?"

"செத்த ஆக்களின்ர நினைவா வச்ச சப்பாத்தெண்டு நினைச்சிட்டினம். அழுது முடியட்டும், பொறுங்கோ."

"பொறுத்தா ரயில் போயிடும்க்கா."

"அப்ப உயிரோட போய் எடுங்கோ."

போகிறேன். "மன்னிக்கவும், இது என்னுடையது" என்று சுத்தமான ஜெர்மனில் சொல்லி, ரோஜாவைத் திருப்பிக் கொடுத்து, எல்லார் முன்னாலும் உட்கார்ந்து கயிறு கட்டுகிறேன்.

ரோஜாக்காரப் பெண்மணி முகம் சிவந்து கேட்கிறார்: "அப்படியானால் உள்ளே போக நாங்களும் ஷூவைக் கழற்ற வேண்டுமா?"

வேண்டாம் என்று நான் வாய் திறப்பதற்குள், தான் கூட்டிய தரையை ஒரு முறை பார்த்துவிட்டு, அக்கா ஜெர்மனில் "கட்டாயம்" என்கிறார்.