கரடிக்குப் பந்தி வைத்த பட்டாளத்தார்

மம்சாபுரத்தில் போய்ப் பொன்னுராஜ் வீடு எது என்று கேட்டால் எந்தப் பொன்னுராஜ் என்று திருப்பிக் கேட்பார்கள். பட்டாளத்தார் வீடு என்று கேட்டுப் பாருங்கள், கையோடு கூட்டிக்கொண்டு போய் வாசலில் விட்டுவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார்கள்.

பட்டாளத்தார் இருபது வருடத்துக்கு மேல் ராணுவத்தில் இருந்தவர். 1984-இல் ஓய்வு பெற்று, பச்சை டிரங்குப் பெட்டியும் முறுக்கு மீசையுமாக ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கினார். மறுநாளே டீக்கடையில் விசாரணை ஆரம்பித்துவிட்டது.

"அண்ணாச்சி, எழுபத்தொண்ணு சண்டையில நீங்க இருந்தீயளா?" என்று கேட்டார் தனுஷ்கோடி. அந்த டீக்கடையில் அவர் சொல்வதுதான் தீர்ப்பு.

"இருந்தேன்."

"எத்தனை பேரச் சுட்டீய?"

"நான் சமையக்காரன்ப்பா. சோறு வடிச்சேன், பருப்பு கடைஞ்சேன்."

தனுஷ்கோடி சுற்றி இருந்தவர்களைப் பார்த்துக் கண்ணடித்தார். பொன்னுராஜ் தலை மறைந்ததும், "அதெல்லாம் ரகசியம்லே. வெளிய சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருப்பாவ" என்றார். அவ்வளவுதான். அதன் பிறகு பொன்னுராஜ் மறுக்க மறுக்க ரகசியம் பெரிதாகிக்கொண்டே போனது. பிழைப்புக்காகக் கல்யாண வீடுகளில் சமைக்கத் தொடங்கியபோதுகூட ஊர் அசையவில்லை. "வேஷத்தை எம்புட்டுக் கச்சிதமாப் போடுதாரு பாரு" என்று வியந்துகொண்டே சாம்பாரை இன்னொரு கரண்டி வாங்கிக்கொண்டது.

ஊருக்கு இது வேடிக்கை. அவருக்கோ உடம்பெல்லாம் கூசியது. செய்யாத வேலைக்கு எத்தனை நாள்தான் கும்பிடு வாங்குவது? செய்த வேலையை நம்புவாரும் இல்லை. குடியரசு தினம் வந்தால் பள்ளிக்கூடத்திலிருந்து கொடியேற்றக் கூப்பிடுவார்கள். "அது துப்பாக்கி தூக்குனவிய ஏத்த வேண்டியது டீச்சர். நான் கரண்டி தூக்குனவன்" என்று நழுவிவிடுவார். என்ன ஒரு அடக்கம் என்று தலைமையாசிரியை ஜெயபாய் உருகிப் போவார்.

1988 வைகாசியில் ஒரு முகூர்த்த நாள். மலையடிவாரத் தோப்பு வீட்டில் சோலைராஜ் மகளுக்குக் கல்யாணம். சமையல் பொன்னுராஜ். ராஜபாளையத்திலிருந்து வாடகைக்கு வந்த அண்டாக்களில் சாம்பாரும் ரசமும் தயார். வெல்லம் போட்ட பருப்புப் பாயசத்தில் நெய்யில் வறுத்த முந்திரியைக் கொட்டிக்கொண்டிருந்தார். அப்போதுதான் பக்கத்து மாந்தோப்பிலிருந்து அலறல் கேட்டது.

அந்தத் தோப்பில் மாங்காய்க் காவலுக்கு இருந்தவள் சுடலைமாடத்தி. பழுத்து விழுந்த பழத்துக்கு மலையிலிருந்து ஒரு கரடி இறங்கியிருந்தது. மரத்துக்குப் பின்னால் அது இருப்பது தெரியாமல் பழம் பொறுக்கப் போனவளைத் தோளில் பிறாண்டிவிட்டது. தப்பி ஓடியவள் பம்புசெட் பக்கத்தில் இருந்த காய்ந்த சிமெண்ட் தொட்டிக்குள் விழுந்தாள். எழுந்திருக்க முடியவில்லை. தோளிலிருந்து ரத்தம் போய்க்கொண்டிருந்தது. கரடியோ தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தது.

கல்யாணக் கூட்டம் முழுவதும் அங்கே போய் வட்டம் கட்டி நின்றுவிட்டது. ஆளுக்கொரு கம்பு, ஆளுக்கொரு யோசனை. சிவகாசி பக்கத்தில் இருக்கிற ஊரில் வெடிக்கா பஞ்சம்? மாப்பிள்ளை அழைப்புக்கு வாங்கிய சரத்தைக் கொளுத்தி எறிந்தார்கள். எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் மிரண்ட கரடி தொட்டிச் சுவரையே பிறாண்ட ஆரம்பித்தது. உள்ளே சுடலைமாடத்தியின் சத்தம் அடங்கிக்கொண்டே வந்தது.

"பட்டாளத்தாரைக் கூப்பிடுங்கலே" என்றார் தனுஷ்கோடி.

சோலைராஜ் வீட்டிலிருந்து ஓர் இரட்டைக்குழல் துப்பாக்கி வந்தது. அதைப் பொன்னுராஜ் கையில் திணித்தார்கள். நாலு வருடமாக அவிழாத ரகசியம் இன்றைக்கு அவிழப் போகிறது என்று சில பேர் முகத்தில் சந்தோஷமே தெரிந்தது. என்ன ஜனங்களோ.

பொன்னுராஜுக்குப் பயம்தான். பயிற்சியில் சுட்டதோடு சரி. அப்போதே குறிப்பலகைக்கு ஆபத்து வந்ததில்லை. இப்போது சுட்டால் குண்டு கரடி மேல் படுமா, தொட்டிக்குள் கிடப்பவள் மேல் படுமா என்று அவருக்கே தெரியாது. துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்தார்.

"நான் சமையக்காரன்னு எத்தனை தடவைதான் சொல்லுதது? மலைப் பக்கம் நிக்கிறவிய எல்லாம் இந்தப் பக்கம் வாங்க. வாயை மூடிக்கிட்டு வாங்க. அது வீட்டுக்குப் போற வழியை மறிச்சு நின்னா அது எங்க போகும்?"

கூட்டம் நகர்ந்தது. பொன்னுராஜ் பந்தி வாளியில் பாயசத்தைத் தளும்பத் தளும்ப மொண்டார்.

"அண்ணாச்சி, மாப்பிள்ளை வீட்டுக்காரவிய இன்னும் சாப்பிடலை" என்றார் சோலைராஜ், தாங்க முடியாமல்.

"அவியளுக்கு ரசம் ஊத்தும்" என்று சொல்லிவிட்டு வாளியோடு நடந்தார்.

எழுபத்தொன்றில் அவர் செய்த வேலையும் இதுதான். மலை உச்சியில் காவல் இருந்த சிப்பாய்களுக்குக் கீழேயிருந்து சோறு போக வேண்டும். குண்டு விழுகிற பாதையில், முதுகில் சோற்றுப் பாத்திரத்தைக் கட்டிக்கொண்டு ஏறுவார். தூக்கிய சோற்றைப் பாதி வழியில் கீழே வைக்கக் கூடாது என்பது மெஸ்ஸில் சட்டம். பயம் அன்றைக்கும் இருந்தது. அதையும் சோற்றோடு சேர்த்துச் சுமந்துகொண்டுதான் ஏறினார்.

தென்னை வரிசையை ஒட்டிச் சுற்றிப் போய், மலைப் பக்கமாகத் தோப்புக்குள் நுழைந்தார். காற்று மலையிலிருந்து வீசியது. வெல்லமும் நெய்யும் ஏலக்காயும் மணத்தன. கரடி சுவரைப் பிறாண்டுவதை நிறுத்திவிட்டு இரண்டு காலில் எழுந்து நின்று மோந்தது. பொன்னுராஜ் ஓடவில்லை, அசையவும் இல்லை. வாளி மட்டும் கையில் கிடுகிடுவென்று ஆடிப் பாயசம் காலில் சிந்தியது. நல்ல சூடு. பல்லைக் கடித்துக்கொண்டார். பிறகு மெல்லக் குனிந்து வாளியைத் தரையில் வைத்துவிட்டு, பின்னோக்கியே நடந்து தென்னை மறைவுக்கு வந்தார்.

கரடி வந்தது. வாளிக்குள் தலையை விட்டது. அப்புறம் அதற்கு உலகமே மறந்துபோயிற்று.

அந்த நேரத்துக்குள் பொன்னுராஜ் மறுபடி சுற்றி வந்து தொட்டிக்குள் இறங்கினார். இடுப்புத் துண்டால் சுடலைமாடத்தியின் தோளை இறுக்கிக் கட்டி முதுகில் தூக்கிக்கொண்டார். வெளியே ஏறி வரும்போது அவர் காதுக்குள் அவள் முனகினாள்: "அண்ணே, கரடிக்கு ஒரு வாளி. எனக்கு ஒரு கிளாஸ் கெடையாதா?"

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டுட்டு வாரேன். பேசாம வா."

மாப்பிள்ளை வந்த அம்பாசிடர் காரிலேயே அவளை ஸ்ரீவில்லிபுத்தூர் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். தையல் போட்டுப் பிழைத்துக்கொண்டாள். கரடி வாளியை நக்கித் துடைத்துவிட்டு மலையேறிப் போனது. நசுங்கிய அந்த வாளியை ராஜபாளையத்துப் பாத்திரக் கடைக்காரர் ரத்தினம் திரும்ப வாடகைக்கு விடவே இல்லை. கரடி குடித்த வாளி என்று கடை முகப்பில் கட்டித் தொங்கவிட்டார்.

இனியாவது ஊர் நம்பும் என்று பொன்னுராஜ் நினைத்தார். மறுநாள் டீக்கடையில் தனுஷ்கோடி சொன்னார்: "கரடியை வசியம் பண்ணப் பட்டாளத்துல தனிப் பயிற்சி குடுத்திருக்காவ. பாத்தியளா, கடைசி வரைக்கும் மனுசன் வாயத் தெறக்கலை."

அடுத்த குடியரசு தினத்தில் ஜெயபாய் டீச்சர் அவரை விடவில்லை. ஆள் அனுப்பிக் கூட்டி வந்துவிட்டார். பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். "போர்முனையில் எதிரிகளைப் பந்தாடிய நம் மாவீரர்..." என்று டீச்சர் தொடங்க, பொன்னுராஜ் தலையைக் குனிந்துகொண்டார்.

மகளோடு வந்திருந்த சுடலைமாடத்தி வேலியோரத்திலிருந்து குரல் கொடுத்தாள். "டீச்சர், கோவிச்சுக்காதீய. அவிய யாரையும் பந்தாடலை. அவிய சமையக்காரரு. அவிய முதுகுல கெடந்தவ நான். மேலெல்லாம் பெருங்காய வாசம். நெஞ்சு அடிச்ச அடி என் நெஞ்சுல கேட்டுச்சு, உடம்பு கெடந்து நடுங்குச்சு. அம்புட்டு நடுங்கிக்கிட்டுத்தான் கரடி முன்னால வந்து என்னைத் தூக்குனாவ. உள்ளதைச் சொல்லிக் கொடியேத்தச் சொல்லுங்க."

ஜெயபாய் டீச்சர் மறுபடி ஆரம்பித்தார். "ராணுவச் சமையல்காரர் திரு. பொன்னுராஜ் அவர்கள் இப்போது கொடியேற்றுவார்."

அவர் கயிற்றை இழுத்தார். முடிச்சு உடனே அவிழவில்லை. இரண்டாம் இழுப்பில் கொடி விரிந்து பூ கொட்டியது. இனிப்பு வழங்கும்போது ஒரு சின்னப் பெண் மிட்டாயை வாங்கிக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"தாத்தா, சண்டையில நீங்க எத்தனை பேருக்குச் சோறு போட்டீய?"

அத்தனை வருடத்தில் அவரிடம் இப்படி யாரும் கேட்டதில்லை. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. மீசையைத் தடவுகிற மாதிரி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"மேல இருந்த அம்புட்டுப் பேருக்கும்" என்றார். "ஒருத்தரும் பட்டினி கெடக்கலை."